திரையில் விரியும் பேரரங்கு: தொலைவுச் சுவைஞர் பற்றிய ஒரு நோக்கு

1

கலை நிகழ்வொன்றை மதிப்பிட முனையும் திறனாய்வு பெரும்பாலும் மேடையையே நோக்கி நிற்கின்றது. பாடியவர் யார், பாடப்பட்டது யாது, அது எவ்வாறு பாடப்பட்டது என்பனவே அதன் வழமையான வினாக்கள். கேட்டவர் யார், எங்கிருந்து கேட்டனர், எவரோடு கூடியிருந்து கேட்டனர் என்னும் வினாக்கள் சமூகவியலுக்குரியன என ஒதுக்கப்படுகின்றன. பெரும் விளையாட்டரங்குகளில் நிகழும் ரொக் இசையைப் பொறுத்தவரை இப்பிரிவினை பொருந்துவதில்லை. அங்கு திரண்டிருக்கும் கூட்டமும் கலைப்பொருளின் ஒரு கூறாகும். கூட்டத்தை நீக்கிவிடின் எஞ்சுவது வெறும் ஒலிப்பதிவே. அவ்வாறாயின், அக்கூட்டத்தோடு சேராது, நெடுந்தொலைவில் ஒரு திரையின் முன்னிருந்து, அதே வேளையில் அதே நிகழ்ச்சியைக் காணும் இரசிகனை எவ்வாறு வகைப்படுத்துவது? அவன் சுவைஞனா, வெறும் பார்வையாளனா, அன்றி ஒரு சந்தையின் எண்ணிக்கையில் ஓர் எண் மட்டுந்தானா?

2025 ஜனவரி 26ஆந் திகதி, அகமதாபாத்திலுள்ள நரேந்திர மோடி விளையாட்டரங்கில் பிரித்தானிய இசைக்குழுவான கோல்ட்பிளே நிகழ்த்திய நிகழ்ச்சி இவ்வினாவை நமது பிராந்தியத்துக்கு மிக அண்மையிற் கொண்டுவந்து நிறுத்தியது. 1,32,000 பேர் அமரக்கூடிய அவ்வரங்கு உலகின் மிகப்பெரிய கிரிக்கெட் அரங்காகும். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் நேரிற் கூடியிருந்த அந்நிகழ்ச்சியை டிஸ்னி பிளஸ் ஹொட்ஸ்டார் இணையவழியே நேரடியாக ஒளிபரப்பியது. அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னர், 2024 செப்டெம்பரில், அக்குழுவின் இந்திய நிகழ்ச்சிகளுக்கான நுழைவுச் சீட்டுகள் விற்பனைக்கு வந்தபோது ஒரு கோடிக்கு மேற்பட்டோர் அவற்றுக்காக இணையத்தில் முண்டியடித்தனர். சீட்டுகள் பன்மடங்கு விலைக்குக் கைமாறுவதாக எழுந்த முறைப்பாடுகள் பொலிஸ் விசாரணைவரை சென்றன. வாசலில் நின்று திரும்பியவர்களுக்குச் சாளரம் திறந்துவிடப்பட்டது என இவ்வொளிபரப்பைக் கூறலாம்.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என நீளும் அம்பாறைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் இத்தகைய நிகழ்ச்சிகள் முழுமையாகவும் துண்டுதுண்டாகவும் கையடக்கத் தொலைபேசித் திரைகளை வந்தடைகின்றன. அவற்றைக் காணும் இளந்தலைமுறையினர் மீது இரு குற்றச்சாட்டுகள் சுமத்தப்படுவதுண்டு. அந்நியப் பண்பாட்டு மோகத்துக்கு ஆட்பட்டவர்கள் என்பது ஒன்று. நேரிற் செல்லாதவன் கேட்டவனே அல்லன், அவன் கண்டது நிழல் என்பது மற்றையது. முன்னையது ஊர்ப் பெரியோரிடமிருந்து வருவது. பின்னையது இசையறிந்தோர் எனத் தம்மைக் கருதிக்கொள்வோரிடமிருந்து வருவது. இரண்டுமே, கேட்போனின் நிலையை ஆராயாது தீர்ப்பு வழங்கிவிடுகின்றன.

இவ்வாராய்ச்சிக்கு உதவக்கூடிய அளவுகோல் ஒன்று இக்கரையோரத்து மக்களின் அறிவு மரபிலேயே உண்டு. இமாம் கஸ்ஸாலி (1058 – 1111) தமது ‘இஹ்யா உலூமித்தீன்’ என்னும் பெருநூலில் செவியேற்றல் பற்றித் தனியொரு பகுதி வகுத்துள்ளார். இசை ஆகும், ஆகாது என்னும் வாதங்களை எடைபோட்ட அவர், செவியேற்றலின் ஒழுங்குகளை விளக்குமிடத்து, ஜுனைத் பக்தாதியின் கூற்றினைத் தழுவி, காலம், இடம், தோழமை ஆகிய மூன்றும் பொருந்தியிருத்தல் வேண்டும் என்கின்றார். அவர் கருதியது ஆன்மிகச் செவியேற்றலையேயன்றிக் களியாட்டத்தை அன்று என்பது உண்மை. எனினும், கேட்டல் என்பது காதின் தொழில் மட்டுமன்று, அது ஒரு நேரத்தில், ஓரிடத்தில், சிலரோடு கூடி நிகழ்வது என்னும் அடிப்படை எல்லா இசைக்கும் பொதுவானதாகும். அம்மூன்றையும் ஒவ்வொன்றாக நோக்குதல் பயன்தரும்.

2

முதலாவது காலம். தொலைவிலிருந்து கேட்டல் இக்கரையோரத்துக்குப் புதிதன்று. 1925 டிசம்பரில் கொழும்பில் வானொலி ஒலிபரப்பு ஆரம்பித்தது. பின்னர் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை கடல் கடந்தும் புகழ்பெற்றது. தமிழ்நாட்டவர் கொழும்பின் தமிழ்ப் பாடல் நிகழ்ச்சிகளுக்காகக் காத்திருந்தனர். வட இந்தியர் 1952 முதல் அமீன் சயானியின் இந்திப் பாடல் வரிசை நிகழ்ச்சியை இலங்கை வானொலியிலேயே கேட்டனர். அன்று இந்தியா செவி, இலங்கை குரல். இன்று அகமதாபாத்தின் மேடையை அம்பாறையின் கரை பார்த்திருக்கும் நிலையில் அத்திசை மாறியுள்ளமை மனங்கொள்ளத்தக்கது.

வானொலிக் காலத்தின் சிறப்பு யாதெனில், குறித்த நேரத்தில் அனைவரும் ஒன்றையே கேட்டனர் என்பதாகும். தேநீர்க் கடையிலும் தறிக்கொட்டிலிலும் ஒரே பாடல் ஒலித்தது. 1970களின் பிற்பகுதியிலிருந்து மத்திய கிழக்குக்குத் தொழில் தேடிச் சென்றவர்கள் கொண்டுவந்த கசெட் கருவிகள் இவ்வொருமையைக் கலைத்தன. விரும்பியவன் விரும்பியதை விரும்பிய வேளையிற் கேட்கலானான். 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் ஆரம்பித்தபோது நேரத்தின் ஒருமை ஓரளவு மீண்டது. இணையம் வந்தபின் அது மறுபடியும் சிதறியது. எல்லாப் பாடல்களும் எவ்வேளையிலும் கிடைக்கும் நிலையில் எந்தப் பாடலுக்கும் ஒரு வேளை இல்லாது போயிற்று.

நேரடி ஒளிபரப்பின் கவர்ச்சியை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளல் வேண்டும். அயர்லாந்து இசைக்குழுவான யூ2, 2009 ஒக்டோபர் 25ஆந் திகதி கலிபோர்னியாவின் ரோஸ் போல் அரங்கில் நிகழ்த்திய நிகழ்ச்சி யூடியூப் வழியாக முழுமையாக நேரடியாக ஒளிபரப்பப்பட்டது. அரங்கில் 97,000 பேர் இருந்தனர். இணையத்தில் அது ஏறத்தாழ ஒரு கோடி தடவை பார்க்கப்பட்டதாகக் கணக்கிடப்பட்டது. அங்கு ஞாயிறு இரவாக இருந்த அப்பொழுது இலங்கையில் திங்கட்கிழமை காலை. அதே பாடல்கள் இறுவட்டுகளாகவும் கோப்புகளாகவும் முன்னரே கிடைத்திருந்தன. நேரடி ஒளிபரப்பு புதிதாக வழங்கியது பாடலை அன்று, ‘இப்பொழுது’ என்பதையே வழங்கியது. அடுத்து எப்பாடல் வரும் என்பது இரசிகனுக்குத் தெரியாது, பாடகனின் குரல் பிசகலாம், மழை பெய்யலாம். நிகழவிருப்பது இன்னும் நிகழவில்லை என்னும் அவ்வுணர்வை அரங்கில் நிற்பவனும் திரைமுன் இருப்பவனும் சமமாகப் பெறுகின்றனர். ஆகவே, காலம் என்னும் முதலாவது நிபந்தனையைப் பொறுத்தவரை தொலைவுச் சுவைஞனைப் போலிச் சுவைஞன் எனத் தள்ளிவிட இயலாது.

3

இரண்டாவது இடம். இங்குதான் இசையறிந்தோரின் வாதம் வலுவாக ஒலிக்கின்றது. அரங்கில் நிற்பவனுக்கு இசை நெஞ்சில் அதிர்கின்றது, திரைமுன் இருப்பவனுக்கோ அது காதுக்குள் அடங்குகின்றது என்பர். இது மறுக்கவொண்ணாதது. ஆயினும், ‘நேர்’ என்பதைத் தூய்மையானதாகவும் ‘திரை’ என்பதைக் கலப்புடையதாகவும் கொள்ளும் எதிர்நிலை வரலாற்று நோக்கில் நிலைபெறாது.

இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் ஆடலரங்கின் நீள அகல உயரங்களைக் கோலளவிற் கணித்துக் கூறுகின்றார். அவ்வளவுகள் மனிதக் கண்ணும் மனிதக் குரலும் சென்றடையக்கூடிய எல்லையைக் கருத்திற்கொண்டவை. விளையாட்டரங்கு இசை அவ்வெல்லையை மீறியே பிறந்தது. 1965 ஆகஸ்ட் 15இல் நியூயோர்க்கின் ஷே அரங்கில் பீட்டில்ஸ் குழுவினர் ஏறத்தாழ 55,600 பேர் முன்னிலையிற் பாடினர். விளையாட்டறிவித்தல்களுக்கென அமைக்கப்பட்ட ஒலிபெருக்கிகளினூடாகவே அவ்விசை சென்றது. கூட்டத்தின் கூக்குரலிற் பாடியவர்களுக்கே தம் குரல் கேட்கவில்லை. அன்று நேரிற் சென்றவர்கள் இசையைக் கேட்டதைவிட இசைக்குச் சாட்சியாக நின்றனர் என்பதே பொருந்தும்.

ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்வது. மேடையிலிருந்து நூறு மீற்றருக்கு அப்பால் நிற்பவனுக்கு முரசின் அடி கண்ணிற் பட்டு ஏறத்தாழ முக்கால் இல்லாவிடினும் கால் நொடிக்கு மேற் கழிந்தே காதிற் படும். இதனை ஈடுசெய்ய இடையிடையே தாமதப்படுத்தப்பட்ட ஒலிபெருக்கிக் கோபுரங்கள் நிறுத்தப்படுகின்றன. பாடகன் விரலளவாகத் தெரிவதால் மேடையின் இருமருங்கிலும் மாபெருந் திரைகள் தூக்கப்படுகின்றன. அரங்கின் மேலடுக்கில் நிற்பவன் மேடையை விடுத்து அத்திரைகளையே நெடுநேரம் பார்த்திருக்கின்றான். சுருங்கக் கூறின், அவனும் ஒரு திரையின் பார்வையாளனே. அவனுடைய திரை பெரிது, அவ்வளவுதான். ரோஸ் போல் நிகழ்ச்சியைப் பல்வேறு கோணங்களிலிருந்து ஒளிக்கருவிகள் பதிவு செய்தன. முரசறைவோனின் மணிக்கட்டுத் திருப்பத்தையும், வாத்தியக்காரர் ஒருவரையொருவர் நோக்கும் பார்வையையும் வீட்டிலிருந்தவன் கண்டான். மேலடுக்கில் இருந்தவன் காணவில்லை.

நேரிற் செல்லுதல் எப்பொழுதும் இன்பந் தருவதுமன்று. 2023 செப்டெம்பர் 10ஆந் திகதி சென்னைப் புறநகரில் ஏ. ஆர். ரகுமானின் நிகழ்ச்சிக்குச் சீட்டுடன் சென்ற பலர் நெரிசலினால் உள்ளே நுழையவே இயலாது திரும்பினர். 2024 பெப்ரவரி 9ஆந் திகதி யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரனின் நிகழ்ச்சியிற் கூட்டம் தடுப்புகளைத் தாண்டியதால் நிகழ்ச்சி தடைப்பட்டது. இவ்விரு சம்பவங்களும் இசையின் குறையினால் நேர்ந்தவை அல்ல. இடத்தின் குறையினால் நேர்ந்தவை. அவற்றை ஒப்பிடத் தொலைவிலிருந்தவன் இசையை நன்கு கேட்டான் எனலாம்.

கல்முனைக் கரையோரத்தின் நம்பிக்கை மரபிலும் இடம் பற்றிய நெகிழ்வான கருத்தொன்று உண்டு. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் ஆண்டுதோறும் கொடியேற்ற விழா நிகழ்கின்றது. அது 16ஆம் நூற்றாண்டில் நாகூரில் வாழ்ந்து மறைந்த சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக எடுக்கப்படுவது. ஆண்டகை அடக்கமாகியிருப்பது கடலுக்கு அப்பால். அங்கு செல்ல இயலாதோர் இக்கரையில் ஒரு நாகூரை அமைத்துக்கொண்டனர். இவ்வழக்கத்தை ஏற்போரும் மறுப்போரும் சமூகத்தில் உளர். அவ்விவாதம் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. கவனிக்கவேண்டியது வேறொன்று. தொலைவிலுள்ள ஓரிடத்தை நினைந்து கூடியபோது இம்மக்கள் தத்தம் வீட்டுக்குள் இருந்து நினைக்கவில்லை. கடற்கரையில் ஓரிடம் வகுத்து, கொடி உயர்த்தி, கடை விரித்துக் கூடினர். தொலைவு அவர்களைத் தனியராக்கவில்லை. தொலைவிலுள்ளதைச் சாட்டாகக் கொண்டு ஊர் கூடியது. இவ்வேறுபாடு மூன்றாவது நிபந்தனைக்கு நம்மை இட்டுச்செல்கின்றது.

4

மூன்றாவது தோழமை. தொலைவுச் சுவைஞன் பற்றிய வினாவின் உயிர்நிலை இதுவே.

1985 ஜூலை 13ஆந் திகதி எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக லண்டன் வெம்ப்ளியிலும் பிலடெல்பியாவிலும் ஒரே நாளில் நிகழ்ந்த லைவ் எயிட் நிகழ்ச்சி செய்மதி வழியாக உலகெங்குஞ் சென்றது. அதில் குயீன் குழுவினர் பாடிய குறுகிய நேரத்திற் பார்வையாளரின் நினைவில் ஆழப் பதிந்த காட்சி, ஏறத்தாழ 72,000 பேர் தலைக்குமேற் கையுயர்த்தி ஒரே தாளத்திற் கைதட்டியதாகும். தொலைக்காட்சியின் வரவினால் ஒளியிழந்த வானொலியை நினைந்து எழுதப்பட்ட பாடலொன்றுக்கே அக்கை தட்டல் நிகழ்ந்தது. அதனை உலகம் தொலைக்காட்சியிற் பார்த்தது என்பது வரலாற்றின் விசித்திரம். அன்றிலிருந்து ஒளிபரப்பின் கருப்பொருள் பாடகன் மட்டுமல்லன். கூட்டமும் அதற்குக் கருப்பொருளாயிற்று. தொலைவிலிருப்பவன் காண விழைவது, பாடலைக் காட்டிலும், தன்னை மறந்து ஒன்றான ஒரு மனிதத் திரளையே.

அம்பாறைக் கரையோரத்தில் இவ்விழைவுக்குத் தனியான காரணங்கள் உள. இவ்வூர்களிற் கூட்டம் என்னும் சொல் நாற்பதாண்டுகளாக அச்சத்தின் நிழலிலேயே வழங்கி வந்துள்ளது. லைவ் எயிட் நிகழ்ந்த அதே 1985இல், அதற்கு மூன்று மாதங்கள் முன்னர், ஏப்ரலில், காரைதீவு, கல்முனைப் பகுதிகளில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் மோதல் மூண்டு வீடுகள் எரிந்தன. 1990 ஆகஸ்ட் 3ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் தொழுகையில் நின்றோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கூடி நிற்றலே உயிராபத்தாயிற்று. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையில் இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மக்கள் கூடும் கடற்கரை இழவின் கரையாயிற்று. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களைத் தொடர்ந்து சாய்ந்தமருதிற் குண்டுகள் வெடித்தன. ஊரடங்கும் தேடுதலும் தொடர்ந்தன. அடுத்த ஆண்டு கொள்ளை நோய் வந்து கூட்டத்தை முற்றாகத் தடைசெய்தது. இவ்வரலாற்றிற் பிறந்து வளர்ந்த ஒருவர், லட்சம் பேர் அச்சமின்றித் தோளோடு தோள் நின்று பாடும் காட்சியைத் திரையிற் கண்டு மயங்குவதை மேலைத்தேய மோகம் என ஒரு சொல்லில் ஒதுக்குதல் நேர்மையாகாது. அவர் காண்பது தமக்கு மறுக்கப்பட்ட ஒன்றை.

மேலைத்தேய அரங்குகளும் இவ்வச்சத்திலிருந்து விடுபட்டவை அல்ல. 2017 மே 22ஆந் திகதி மான்செஸ்டரில் இசை நிகழ்ச்சியொன்றின் முடிவிற் குண்டு வெடித்து 22 பேர் மாண்டனர். இரு வாரங்களுள், ஜூன் 4ஆந் திகதி, அதே நகரின் கிரிக்கெட் அரங்கில் மக்கள் மீண்டும் கூடினர். கோல்ட்பிளே குழுவினரும் பாடிய அந்நிகழ்ச்சி உலகெங்கும் ஒளிபரப்பப்பட்டது. அங்கு கூடுதலே பாடலின் பொருளாயிற்று. அப்பொருளை விளங்கிக்கொள்ள அம்பாறைக் கரையோரத்தவருக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

பெண்களைப் பொறுத்தவரை தோழமை வினா மேலும் கூர்மையடைகின்றது. பொது அரங்கில் இரவு வேளையில் நிகழும் இசை நிகழ்ச்சிக்கு இவ்வூர்களின் இளம்பெண்கள் செல்வது அரிது. திரையே அவர்களுக்குரிய ஒரே நுழைவாயில். ஆனால் இப்பெண்களின் பாட்டிமார் கேட்போராக மட்டும் இருந்தாரல்லர். வயல்வெளியிலும் வீட்டு முற்றத்திலும் வாய்மொழியாகப் பிறந்த கவிகளை ஆக்கியோரில் பெண்களே மிகப் பலர். எம். ஏ. நுஃமான், எஸ். முத்துமீரான் போன்றோரின் தொகுப்பு முயற்சிகள் இச்செல்வத்தின் ஒரு பகுதியை ஏட்டில் நிறுத்தின. ஆக்குவோராக இருந்த பெண்களின் வழித்தோன்றல்கள் காண்போராக மட்டும் ஆகியுள்ளமைக்குத் திரையைக் காரணங்கூறல் தவறு. திரை வருமுன்னரே முற்றத்தின் குரல் அடங்கத் தொடங்கிவிட்டது. அடங்கிய இடத்திற் திரை வந்தமர்ந்தது.

5

இதுவரை கூறியவை தொலைவுச் சுவைஞனுக்குச் சார்பானவை. இனி, ஒளிபரப்பப்படும் பேரரங்கு என்னும் கலைவடிவத்தின் மீது திறனாய்வு நோக்கிலான வினா எழுப்பப்படல் வேண்டும்.

கோல்ட்பிளே நிகழ்ச்சிகளிற் பார்வையாளர் ஒவ்வொருவருக்கும் ஒளிரும் கைவளையம் வழங்கப்படுகின்றது. அவ்வளையங்கள் ஒரு மையத்திலிருந்து இயக்கப்படுவன. எப்பொழுது ஒளிர்வது, எந்நிறத்தில் ஒளிர்வது என்பதை அணிந்திருப்பவர் தீர்மானிப்பதில்லை. அரங்கு முழுவதும் நிறமாறி அலையலையாக ஒளிரும் கோலத்தின் முழுமையை உயரத்திலுள்ள ஒளிக்கருவியே காண்கின்றது; அதன்வழித் தொலைவிலிருப்பவன் காண்கின்றான். கோலத்தை ஆக்கியவன் அதனை முழுமையாகக் காணவில்லை. முழுமையாகக் காண்பவன் அதனை ஆக்கவில்லை. கூட்டத்தின் உழைப்பு ஒருபுறமும் அதன் அழகு மறுபுறமுமாகப் பிரிந்து நிற்கின்றன.

இதனைக் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் பொல்லடியோடு ஒப்பிடுக. அண்ணாவியாரின் பாட்டுக்கும் தாளத்துக்கும் இயைய ஆட்டக்காரர் வட்டமாகச் சுழன்று, ஒருவர் கம்பில் மற்றவர் கம்பினை மோதி ஆடுவது அது. ஒருவர் அடி பிசகின் அடுத்தவர் கை அறியும். கோலம் வெளியே நின்று காண்பவனுக்கு அழகாகத் தெரிவது போலவே உள்ளே ஆடுபவனுக்கும் உடலிற் புலப்படும். கைவளைய ஒளிக்கோலத்தில் ஒருவர் இல்லாதுபோயினும் எவரும் அறியார். பொல்லடியில் ஒருவர் விலகின் வட்டம் உடையும். தோழமை என்பதன் பொருள் இவ்விடத்தில் தெளிவாகின்றது. ஒருவரின் இன்மை மற்றவருக்குப் புலப்படுமிடத்திலேயே தோழமை உண்டு.

வானொலிக் காலத்தில் இதன் சிறு கூறொன்று தொலைவுக் கேட்போருக்கும் கிடைத்திருந்தது. நேயர் விருப்ப நிகழ்ச்சிகளுக்குத் தபாலட்டை எழுதியவர்களின் பெயர்களை அறிவிப்பாளர் ஊர்ப்பெயரோடு வாசித்தார். மருதமுனையிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் எழுதியோர் தம் பெயரை நாடு கேட்கக் கேட்டனர். பாடல் அவர்களுடையதாயிற்று. இணைய ஒளிபரப்பிற் கேட்போன் பெயர் எண்ணிக்கையாகிவிடுகின்றது. ஒரு கோடி தடவை பார்க்கப்பட்டது என்னும் கணக்கில் எத்தனை மனிதர் உளர் என்பதுகூட வெளிப்படுவதில்லை. திரையின் ஓரத்தில் விரைந்தோடும் குறிப்புகள் எவராலும் வாசிக்கப்படுமுன் மறைகின்றன. கொள்ளை நோய்க் காலத்தில், 2020இல், கொரியாவின் பி.டி.எஸ். குழுவினர் ஆளில்லா அரங்கிலிருந்து வழங்கிய இணைய நிகழ்ச்சியொன்றை ஏழரை இலட்சம் பேர் கட்டணஞ் செலுத்திக் கண்டனர். அதே ஆண்டு அக்குழுவின் மற்றுமோர் இணைய நிகழ்ச்சியில் வீடுகளிலிருந்த இரசிகரின் ஒளிக்கோல்களும் நிகழ்ச்சியோடு இணைக்கப்பட்டு ஒருசேர நிறம் மாறின. தொலைவுச் சுவைஞனின் தனிமையை வணிகமும் உணர்ந்துள்ளது என்பதற்கு இது சான்று. ஆனால் அது வழங்கிய மருந்து, கேட்போனுக்கு ஒரு குரலை அன்று, ஒரு விளக்கையே வழங்கியது.

கவியரங்குகளைக் கேட்டுப் பழகிய ஊர்களுக்கு இவ்வேறுபாடு நன்கு புரியும். கவியரங்கிற் சபையோர் ஓரடியை மீண்டும் கேட்பின் கவிஞர் மீண்டும் பாடுவார். சபை அமைதியாக இருப்பின் அவ்வமைதி கவிஞரைத் தாக்கும். கேட்போர் கவிதையின் போக்கைச் சற்றேனும் மாற்றும் வல்லமை பெற்றிருந்தனர். பேரரங்கின் தொலைவுச் சுவைஞனுக்கு இவ்வல்லமை இல்லை. அவன் திரையை அணைத்துவிட்டாலும் அகமதாபாத்தில் எதுவும் மாறுவதில்லை. அவனிடம் ஒன்றுங் கேட்காத கூட்டம் அவனுக்குக் கிடைத்துள்ளது. அதன் இன்பமும் அதன் வறுமையும் அதிலேயே அடங்கியுள்ளன.

6

மேற்கூறியவற்றால் பெறப்படுவது யாது? கஸ்ஸாலி சுட்டிய மூன்றனுள் காலம் தொலைவுச் சுவைஞனுக்கு முழுமையாகக் கிடைக்கின்றது. இடம் வேறு வகையிற் கிடைக்கின்றது. சிலவற்றில் அரங்கில் நிற்பவனுக்குக் கிடைப்பதிலும் நன்றாகக் கிடைக்கின்றது. தோழமையின் காட்சி மட்டுமே கிடைக்கின்றது; தோழமை கிடைப்பதில்லை. ஆகவே, நேரிற் செல்லாதவன் கேட்டவனல்லன் என்பாரின் வாதம் பிழைபட்டது. அவன் கேட்கின்றான், பல வேளைகளில் நுணுகியும் கேட்கின்றான். அந்நிய மோகம் என்பாரின் வாதமும் பிழைபட்டது. அவன் விழைவது அந்நியமான ஒன்றையன்று, மனிதர் கூடி ஒரு தாளத்தில் நிற்றல் என்னும் மிகப் பழைய ஒன்றை.

இவ்விழைவுக்கு ஊர் என்ன மறுமொழி வழங்குகின்றது என்பதே எஞ்சும் வினா. பொல்லடியும் றபானும் வரவேற்பு ஊர்வலங்களின் முன்னால் நடக்கும் அலங்காரங்களாகச் சுருங்கிவருகின்றன. பிரமுகர் மேடையேறியதும் அவை நிறுத்தப்படுகின்றன. கவியரங்கு நினைவு மலர்களிற் குறிப்பிடப்படும் கடந்தகாலப் பெருமையாகியுள்ளது. கல்முனையின் சந்தாங்கேணி மைதானத்திற் காற்பந்துக்குக் கூடுவோர் கலைக்காகக் கூடும் வாய்ப்பு அரிது. இசை ஆகுமா என்னும் விவாதம் ஒருபுறமிருக்க, கருவியிசை வேண்டாத கவியும், கம்பின் தாளமும், பாட்டும் இம்மண்ணில் இருந்தனவல்லவா? அவற்றுக்கும் இடம் மறுக்கப்பட்டுள்ள நிலையில், இளந்தலைமுறையினர் கையளவு திரையில் அகமதாபாத்தையும் வெம்ப்ளியையும் தேடுவதைக் குறைகூறும் உரிமை எவருக்கு உண்டு?

திறனாய்வாளரின் கடமையும் இங்கு உண்டு. சிறுகதைக்கும் புதுக்கவிதைக்கும் ஒதுக்கப்படும் பக்கங்களில் ஒரு சிறு பங்கேனும், இன்று இக்கரையோரத்து மாணவர் நாள்தோறும் நுகரும் இக்கலைவடிவத்துக்கு ஒதுக்கப்படல் வேண்டும். ஒளிக்கருவி எதனைக் காட்டுகின்றது, எதனை மறைக்கின்றது, கூட்டத்தை யாருக்காக அழகுபடுத்துகின்றது என்பனவற்றை நுணுகி நோக்கும் பயிற்சி பெறாதவர், அதனைக் கண்டிப்பதாலோ கொண்டாடுவதாலோ ஆவது ஒன்றுமில்லை. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இப்பயிற்சிக்கு ஏற்ற களங்கள். அதனோடு, ஆண்டுக்கு ஒரு மாலையாவது, பொல்லடி அண்ணாவியார் ஒருவரை அழைத்து, அவரை ஊர்வலத்தின் முன்னால் நிறுத்தாது அரங்கின் நடுவில் நிறுத்தி, மாணவரும் மாணவியரும் அமர்ந்து கேட்க ஒழுங்கு செய்தல் இயலாத காரியமன்று. அம்மாலையைத் தொலைவிலுள்ளோருக்கு ஒளிபரப்புவதும் இயலும். அவ்வாறு நிகழுமாயின், பார்ப்பவராக மட்டும் இருந்த ஒரு கரையோரம் பார்க்கப்படுவதாகவும் ஆகும்.